வேலையை விடாமலே மனசுக்கு உகந்த காரியத்தோடு வாழ: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் மாதச் சம்பளத்துக்குப் பாடம் நடத்திக்கொண்டேதான் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப் பலகை எழுதிப் பிழைத்தவர். அந்த வருமானத்தில்தான் பழைய புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் என்று தேடித் தேடிச் சேர்த்தார். 1992இல் அவர் இறந்தபோது சேர்ந்திருந்தவை சுமார் ஒரு லட்சம். சென்னையில் அவர் பெயரில் இருக்கும் ஆராய்ச்சி நூலகம் 1994இல் அந்தச் சேகரிப்பை வைத்துத்தான் தொடங்கியது. டாக்டர் ஜி.வெங்கடசாமி அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, 58 வயதில், 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

இதை எதற்கு முதலிலேயே சொல்கிறேன் என்றால், "வாழ்க்கைக்கு ஒரு அர்த்தம் வேணும் சார்" என்று வருகிறவர்களில் நிறையப் பேர் அடுத்த மூச்சிலேயே "வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்" என்கிறார்கள். நான் பிழைப்புக்கு ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். மிச்ச நேரத்தில், பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வில் சொல்வதை எழுதித் தரும் தன்னார்வலர்களைச் சேர்த்து அனுப்பும் வேலை. அதனால் இப்படி வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ராஜினாமாக் கடிதம் அதில் ஏழாவது படியில்தான் வரும். பலருக்கு வரவே வராது.

தொடங்கும் முன் மறக்க வேண்டிய படம் ஒன்று இருக்கிறது. உங்களுக்குப் பிடித்தது, உங்களுக்கு நன்றாக வருவது, உலகத்துக்கு வேண்டியது, காசு தருவது என்று நான்கு வட்டம் போட்டு, நடுவில் 'இகிகாய்' (ஜப்பானிய மொழியில், வாழ்வதற்கான காரணம்) என்று எழுதி வாட்ஸ்அப்பில் சுற்றுமே, அதுதான். ஜப்பானிய ஞானம் என்று தலைப்புப் போட்டிருப்பார்கள். வட்டங்களை வரைந்தவர் ஆந்த்ரேஸ் சுசுனாகா என்ற ஸ்பெயின்காரர். 2014இல் மார்க் வின் என்ற பிரிட்டன்காரர் நடுவில் இகிகாய் என்று எழுதிவிட, படம் உலகம் சுற்றியது. ஜப்பானில் ஒருவருடைய இகிகாய் பேரப்பிள்ளையாக இருக்கலாம், கொல்லைத் தோட்டமாக இருக்கலாம். சம்பளமும் அதிலேயே வர வேண்டும் என்ற நிபந்தனை அங்கே கிடையாது. அந்த நாலாவது வட்டத்தை நம்பித்தான் பலர் கெடுகிறார்கள். பிடித்ததே சோறும் போட வேண்டும் என்று காத்திருந்தால் பத்து வருஷம் சும்மா போய்விடும்.

முதல் படி: இரண்டு வாரம் குறிப்பு எழுதுங்கள்

கண்ணை மூடி யோசித்து நோக்கத்தைக் கண்டுபிடிக்க உட்காராதீர்கள். யோசிக்கும்போது நமக்கு நம்மைப் பற்றி நல்லதாகத்தான் தோன்றும். அதற்குப் பதில் ஒரு பழைய நோட்டை எடுங்கள். நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம்கூடப் போதும். தினமும் இரவு மூன்று கேள்விக்கு ஒவ்வொரு வரி.

இன்று எதில் நேரம் போனதே தெரியவில்லை? போனைத் தள்ளிக்கொண்டிருந்ததைச் சேர்க்காதீர்கள்.

இன்று எதைப் பார்த்து வயிறு எரிந்தது? கோபமானாலும் சரி, பொறாமையானாலும் சரி. குளத்தில் குப்பை கொட்டுவதைப் பார்த்தா? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாய்விட்டுத் தமிழ் படிக்க வரவில்லை என்றா? அல்லது யாரோ ஒருவர் மேடையில் நன்றாகப் பாடியதைப் பார்த்தா?

இன்று யார் உங்களை எதற்குக் கூப்பிட்டார்கள்?

மூன்றில் பெரிய கேள்வி கடைசிதான். அதைத்தான் எல்லோரும் காலியாக விட்டுவிட்டு வருவார்கள். மாடி வீட்டு அத்தை பேங்க் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு உங்களிடம்தான் வருகிறாரா? பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கணக்கு வரவில்லை என்றால் உங்கள் பெயரைச் சொல்கிறார்களா? இழவு வீட்டில் பந்தலுக்கும் ஐஸ் பெட்டிக்கும் போன் போட உங்களைத்தான் தேடுகிறார்களா? நமக்கு எது சுலபமாக வருகிறதோ அதை நாம் திறமை என்றே நினைப்பதில்லை. 'இதெல்லாம் ஒரு விஷயமா' என்று தள்ளிவிடுகிறோம். ஊருக்கு அது தெரிந்திருக்கிறது, அதனால் தேடி வருகிறது.

எங்களிடம் வந்த ஒருவர் டயர் கடை வைத்திருப்பவர். "எனக்கு எழுத்து வேகமா வராது சார், நான் எதுக்கும் ஆக மாட்டேன்" என்றார். நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டு வாரத்துக்குள் மூன்று வெவ்வேறு குடும்பம் அவரைப் பெரியாஸ்பத்திரிக்குத் துணைக்கு அழைத்துப் போயிருந்தது. ஓ.பி. சீட்டு எங்கே, ஸ்கேனுக்கு எந்த வாசல், ரத்தப் பரிசோதனை முடிவை எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு மேல் கேட்க வேண்டும் என்று எல்லாம் அவருக்கு அத்துப்படி. கிராமத்தில் இருந்து முதல் தடவை வருகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! இப்போது வாரம் ஒரு காலை கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறார். தேர்வு எழுத நான் அவரை அனுப்பவே இல்லை.

இரண்டாம் படி: ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

'சமூகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும்' என்பது வாக்கியம் ஆகாது. யாருக்கு, எங்கே, எதை என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். 'எங்கள் தெருவிலும் அடுத்த இரண்டு தெருவிலும் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கத் தெரியாதவர்களைத் தாள்களோடு இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போவேன்.' இப்படி இருந்தால் நாளைக்கே எங்கே போய் நிற்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

சாமிநாதையர் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக, அதாவது உள்ளூர் நீதிபதியாக, வந்த சேலம் இராமசாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவரைக் கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று இவர் பெருமையாக அடுக்கினார். முதலியார் அசையவில்லை. சிந்தாமணி மாதிரியான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்றார். இவர் படித்ததில்லை. அப்போது இவருக்கு 25 வயது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் என்ற பெயரும் உண்டு. அந்தக் கேள்வி குத்தியது. முதலியார் தந்த பிரதியோடு உட்கார்ந்தார். ஏழு வருஷம் கழித்து, 1887இல், புத்தகம் வெளிவந்தது.

தமிழுக்குத் தொண்டு செய்யக் கிளம்புகிறேன் என்று அவர் அன்றைக்குச் சபதம் எதுவும் எடுக்கவில்லை. கையில் ஒரு நூல், புரியாத வரிகள், அவ்வளவுதான். சமண சமயச் செய்திகள் பிடிபடாமல் தவித்தபோது அதே ஊரில் இருந்த ஒரு சமணர் வீட்டுக்குப் போனார். அங்கே தோரணம் கட்டியிருந்தார்கள். என்ன விசேஷம் என்று கேட்டால், சிந்தாமணியைப் படித்து முடித்ததற்கான விழா! ஏட்டில் இவர் முட்டிக்கொண்டிருந்ததை வீட்டிலேயே வழிவழியாகப் படித்து வருகிறவர்கள் சில தெரு தள்ளி இருந்திருக்கிறார்கள். உங்கள் வாக்கியம் குறுகலாக இருந்தால்தான் இப்படி யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியும்.

வாக்கியத்தை முகநூலில் போடாதீர்கள். அறிவித்ததுமே பாதி செய்துவிட்ட மாதிரி ஒரு நிறைவு வந்துவிடும், கூடவே ஐம்பது பேர் கைதட்டுவார்கள். வீட்டில் ஒருவரிடமும் அந்தக் காரியம் தெரிந்த ஒருவரிடமும் சொன்னால் போதும்.

மூன்றாம் படி: நேரமும் காசும் இப்போது எங்கே போகிறது என்று பாருங்கள்

இது சட்டென்று முடிகிற வேலை. போனில் திரை நேரக் கணக்கு இருக்கும், எடுத்துப் பாருங்கள். ஜிபே வரலாற்றில் போன மாதத்தை மேலிருந்து கீழே ஓட்டுங்கள். நீங்கள் எழுதிய வாக்கியத்துக்கு அதில் ஒரு மணி நேரமோ நூறு ரூபாயோ போயிருக்கிறதா என்று மட்டும் தேடுங்கள். போயிருக்காது. அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். வாரத்தில் எந்தப் பொழுதைப் பிடுங்கி இதற்குக் கொடுக்கலாம் என்று பார்க்கத்தான் இந்தக் கணக்கு.

'நேரம் கிடைக்கும்போது' என்று வைத்தால் நடக்காது. நாள், மணி, இடம் மூன்றையும் முடிவு செய்யுங்கள்.

நான்காம் படி: யாராவது ஒருவர் உங்களுக்காகக் காத்திருக்கும்படி செய்யுங்கள்

தனியாகச் செய்கிற நல்ல காரியங்கள் மூன்றாவது வாரத்தில் நின்றுபோகும். மழை வரும், தலைவலி வரும், கிரிக்கெட் வரும். அந்தப் பக்கம் ஒருவர் காத்திருந்தால் எழுந்து போய்விடுவோம். அதனால் புதிதாக எதையும் நீங்களே தொடங்காதீர்கள். ஏற்கெனவே நடக்கிற ஒன்றில் போய்ச் சேருங்கள். மூன்று மாதம் சோதனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த காரியம் தேர்வு எழுதித் தருவது என்பதால் அதையே சொல்கிறேன். உங்களுடையது வேறாக இருந்தாலும், முதல் நாளுக்கு முன் எந்த அளவுக்கு விசாரித்துக்கொண்டு போக வேண்டும் என்று இதில் பிடிபடும்.

முதலில் விதி. மத்திய அரசின் வழிகாட்டுதல்படி இந்தத் தேர்வர்களுக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரம் ஓடும். தேர்வறைக்கு முன்னதாகவே போய்ப் படிவம், அடையாள அட்டை எல்லாம் காட்ட வேண்டும். ஆகவே அரை நாள் லீவு போதாது, முழு நாள் போடுங்கள். எழுதித் தருபவரின் படிப்பு தேர்வரின் படிப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று சில தேர்வுகளில் நிபந்தனை இருக்கும். எம்.ஏ. படித்துவிட்டு ஆசையோடு வந்து, 'நீங்க வேண்டாம்' என்ற பதிலோடு திரும்பியவர்கள் உண்டு. விதி தேர்வுக்குத் தேர்வு மாறும், வருஷத்துக்கு வருஷமும் மாறும். முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

உள்ளே போனதும் வினாத்தாளை முதலில் இருந்து கடைசி வரை ஒரு தடவை நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். எத்தனை பகுதி, எதற்கு எவ்வளவு மதிப்பெண், எதை எழுதாமல் விடலாம் என்பது கண்ணால் பார்க்கிறவர்களுக்கு ஒரு நொடியில் தெரியும். அவருக்கு நீங்கள் சொன்னால்தான் தெரியும். அட்டவணை இருந்தால் மேல் தலைப்புகளை முதலில் சொல்லிவிட்டு, பிறகு வரிசை வரிசையாக வாசியுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதும்போது, "ஒரு பக்கம் முடிஞ்சுதும்மா, இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு" என்று அவ்வப்போது சொல்லிக்கொண்டே வாருங்கள். ஊர்ப் பெயர், ஆள் பெயர் வந்தால் சின்ன ரகரமா பெரிய றகரமா என்று கேளுங்கள்.

கஷ்டமான இடம் ஒன்று உண்டு. அவர் தப்பாகச் சொல்வார். சரியான விடை உங்களுக்குத் தெரியும், கை அரிக்கும். அவர் சொன்னதைத்தான் எழுத வேண்டும். ஒரு 'ம்?' கூடப் போடக் கூடாது. குரலில் சந்தேகம் தட்டினால் போதும், அவர் விடையை மாற்றிவிடுவார். அது அவருக்கு நீங்கள் எழுதிய தேர்வு ஆகிவிடும். உதவி செய்ய வருகிறவர்கள் பலருக்கு இதைத்தான் தாங்க முடிவதில்லை. முதல் தேர்வு முடிந்ததும் சிலர், "எனக்கு இது ஒத்துவராது, பாடம் சொல்லிக் கொடுக்கிறேன்" என்பார்கள். ரொம்ப நல்லது. அதைக் கண்டுபிடிக்கத்தானே சோதனை? மூன்று மாதம் யோசித்திருந்தாலும் அந்த விடை கிடைத்திருக்காது.

வாரம் ஒரு பொழுதுகூட ஒதுக்க முடியாத நிலை இருக்கலாம். கைக்குழந்தை, படுத்த படுக்கையான அப்பா, சுழற்சி ஷிப்ட். அப்படியானால் அதற்கு ஏற்றதைப் பிடியுங்கள். ரத்த தானம் ஆண்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்களுக்கு நான்கு மாதத்துக்கு ஒரு முறை. விக்கிமூலம் என்ற இலவச இணைய நூலகத்தில் பழைய புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பதை ராத்திரி பத்து நிமிடம் செய்யலாம், பக்கம் பக்கமாக. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இன்றைக்கு இவ்வளவு பழந்தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது என்றால், அதில் பாதி உழைப்பு இப்படி அங்கங்கே உட்கார்ந்து தட்டச்சு செய்தவர்களுடையது.

ஐந்தாம் படி: வீட்டில் பேசுங்கள்

இதை இரண்டாம் படியாகவே வைக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் கையில் ஒரு தெளிவும் இல்லாமல் பேச்சைத் தொடங்கினால் பெரும்பாலும் சண்டையில்தான் முடியும்.

"ஊருக்கெல்லாம் ஓடுறீங்க, சமையக்கட்டுல குழாய் ஒழுகுறது மூணு வாரமா உங்க கண்ணுக்குத் தெரியல." இந்த வாக்கியம் உங்கள் வீட்டிலும் வரும். வந்தால் கோபப்படாதீர்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆண்கள் செய்கிற சேவையில் பெரும் பகுதி வீட்டுப் பெண்களின் நேரத்தில்தான் நடக்கிறது. அவர் ஞாயிற்றுக்கிழமை குளம் தூர்வாரப் போவார். மாமியாரை டாக்டரிடம் கூட்டிப்போவது, பிள்ளையின் வீட்டுப்பாடம், வந்து நிற்கிற விருந்தாளி எல்லாம் மனைவி தலையில். சாயங்காலம் மாலை மரியாதையோடு வந்து இறங்குவார். இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கும். சுருங்கட்டும்.

ஆகவே பேசும்போது நான்கு விஷயத்தைத் தெளிவாக வையுங்கள்: எந்த நாள், எத்தனை மணி வரை, மாதம் அதிகபட்சம் எவ்வளவு காசு, அந்த நேரத்தில் வீட்டில் விட்டுப்போகிற வேலையை நீங்கள் எப்போது ஈடு செய்வீர்கள். நாலாவதுதான் முக்கியம். அதே அளவு நேரம் மனைவிக்கும் அவர் விருப்பத்துக்கு வேண்டும். அவர் அதில் தூங்கினாலும் சரி, சீரியல் பார்த்தாலும் சரி, கேள்வி கேட்கக் கூடாது.

பெண்கள் தொடங்கும்போது நிலைமை தலைகீழ். நேரம் அவர்கள் கையிலேயே இருக்காது. "சனிக்கிழமை காலையில நான் இருக்க மாட்டேன், தோசை மாவு பிரிட்ஜில இருக்கு, அத்தைக்கு மாத்திரை பத்து மணிக்கு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவதுதான் வழி என்று எங்கள் குழுவில் ஓர் அக்கா சொல்வார். அனுமதி கேட்டால் விவாதம் வரும், தகவல் சொன்னால் வராதாம். எல்லா வீட்டிலும் இது செல்லுபடியாகுமா என்றால், ஆகாது. முதல் மாதம் போனுக்கு மேல் போன் வரும் என்று அவரே சொல்வார். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் மாமியாரிடம் முதலில் சொல்வது பல சமயம் கணவரிடம் சொல்வதைவிடப் பலன் தரும்.

அப்புறம், கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம். எல்லாவற்றுக்கும் போக வேண்டியதில்லை. தாலி கட்டும் நேரத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு வந்தாலே மரியாதை குறையாது. ஆனால் துக்க வீட்டைத் தவறவிடாதீர்கள்.

ஆறாம் படி: பார்க்கிற வேலைக்குள்ளேயும் தேடுங்கள்

அரசு ஊழியராக இருந்தால், வெளியில் எந்தப் பொறுப்பை எடுக்கும் முன்பும் நடத்தை விதிகளைப் பாருங்கள், தேவையென்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தனியார் நிறுவனத்திலும் பணி ஒப்பந்தத்தில் இதற்கென்று ஒரு வரி இருக்கலாம்.

அது ஒருபுறம் இருக்கட்டும். மேசையில் உட்கார்ந்து செய்கிற வேலையிலேயே உங்கள் வாக்கியத்துக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். டாக்டர் வெங்கடசாமி அரசு மருத்துவராக இருந்த காலத்திலேயே கிராமங்களில் கண் முகாம் நடத்தினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்தும் அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேல் அறுவை சிகிச்சை செய்தவர் அவர். ஓய்வுக்குப் பிறகு தொடங்கியது புது வாழ்க்கை மாதிரித் தெரிந்தாலும், அதற்கான அஸ்திவாரம் முழுக்க அரசுச் சம்பளத்தில் இருந்தபோது போட்டது. நமக்கு அவ்வளவு பெரிதாக வராது. வங்கியில் இருப்பவர் சலான் நிரப்பத் தெரியாதவரை விரட்டாமல் உட்கார வைத்துச் சொல்லித்தரலாம். அதற்கு லீவு போட வேண்டியதில்லை.

ஏழாம் படி: வேலையை விட்டே ஆக வேண்டும் என்றால்

சிலருக்கு அந்த நிலை வரும். செய்கிற வேலையே தான் நம்புவதற்கு எதிராக இருந்தால் வெளியேறத்தான் வேண்டும். இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தவர். அங்கே நடக்கிற ஆராய்ச்சி மானாவாரி விவசாயிக்கு உதவவில்லை என்று கண்டு 1969இல் விலகினார். அதோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். விலகியவர் நேரே களக்காட்டில் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து, சுமார் பத்து வருஷம் விவசாயிகளோடு வேலை செய்தார் என்பதைச் சொல்வதில்லை. கரூர் மாவட்டம் கடவூரில் வானகம் என்ற அவருடைய இயற்கை வேளாண் பண்ணை அமைந்ததெல்லாம் பல வருஷத்துக்குப் பிறகு. வேலையை விட்டவுடன் அவர் தனியாக எதையும் தொடங்கிவிடவில்லை; கற்றுக்கொள்ள இடம் தேடிப் போனார்.

கடிதம் கொடுக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: ஒரு வருஷ வீட்டுச் செலவு தனிக் கணக்கில், நிறுவனத்தைச் சாராத மருத்துவக் காப்பீடு, வீட்டுக் கடன் தவிர வேறு கடன் இல்லாத நிலை. பி.எஃப். பணத்தை இந்த ஒரு வருஷக் கணக்கில் சேர்க்காதீர்கள். சோதனை மாதங்களைத் தாண்டி, வேலையோடு சேர்த்து ஒரு வருஷமாவது அந்தக் காரியத்தை விடாமல் செய்திருக்க வேண்டும். இது என் கணக்கு. இன்னும் கண்டிப்பாக இருக்கலாம், தளர்த்த வேண்டாம்.

நகையை அடகு வைத்து அரவிந்த் வளர்ந்த கதையை எனக்குச் சொல்லிக் காட்டுவார்கள். நடந்ததுதான். அடகு வைத்தது ஒரு குடும்பம் முழுக்கச் சேர்ந்து. அதில் பல பேர் கண் மருத்துவர்கள். உங்கள் குடும்பமும் அப்படிச் சேர்ந்து நிற்குமா என்று முதலில் கேளுங்கள்.

பொதுக் காசு வசூலிப்பதை முடிந்தவரை தள்ளிப்போடுங்கள். சாமிநாதையர் அச்சுச் செலவுக்குப் புத்தகம் வேண்டும் என்றவர்களிடம் கையொப்பமும் முன்பணமும் வாங்கினார்தான், ஆனால் கொடுத்தவருக்குப் புத்தகம் வந்து சேர்ந்தது. காசு வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் உங்கள் சொந்த ஜிபே எண்ணைக் கொடுக்காதீர்கள். நட்பு முறிவதும் கெட்ட பெயர் வருவதும் அங்கே இருந்துதான் தொடங்கும். தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கமாகப் பதிவு செய்யலாம். சங்கத்தின் பெயரில் தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, எண் போட்ட ரசீது. ஏழு பேர் சேரவில்லை என்றால் அதற்கு இன்னும் காலம் வரவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: வருஷத்துக்கு ஒரு நாள் எண்ணிப் பாருங்கள்

சித்திரை ஒன்று, பிறந்தநாள், எதுவானாலும் சரி. அன்றைக்குப் பழைய நோட்டையும் அந்த ஒரு வாக்கியத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, செய்ததை எண்ணாமல் நிலைத்து நிற்பதை எண்ணுங்கள். பனங்கொட்டை நடுகிறவர்களைப் பார்த்தால் இது புரியும். புரட்டாசி, ஐப்பசியில் கண்மாய்க் கரையில் ஆயிரம் கொட்டை நட்டோம் என்று படம் வரும். பனை முளைத்ததும் முதலில் கீழே போய்க் கிழங்காகத்தான் இறங்கும். வெளியே ஓலை தெரியச் சில மாதம் ஆகும். அதற்குள் பொங்கல் வந்துவிடும். ஊர்ப் பிள்ளைகளுக்குப் பனங்கிழங்கு எங்கே இருக்கிறது என்று தெரியாதா என்ன! அடுத்த ஆடியில் அதே கரைக்குப் போய் எத்தனை நிற்கிறது என்று எண்ணுகிறவர்கள் குறைவு. எண்ணுகிறவர்கள்தான் மறு வருஷம் ஊர்ப் பெரியவர்களிடம் பேசி, கிழங்கு தோண்ட வேறு இடத்தில் தனியாகப் புதைத்துக் கொடுத்துவிட்டுக் கரையைக் காப்பாற்றுகிறார்கள்.

எண்ணிப் பார்த்தபின் வாக்கியம் மாறலாம். முப்பது வயதில் எழுதியது நாற்பத்தைந்தில் பொருந்தாமல் போவது சகஜம்தான். உடம்பு ஒத்துழைக்காமல் போகலாம், ஊர் மாறலாம், அலுத்தும் போகலாம். அலுப்பு வந்தால் ஒரு மாதம் ஓய்வு எடுங்கள். திரும்பப் போகக் கால் வரவில்லை என்றால் நிறுத்திவிடலாம், தப்பில்லை. ஆனால் போனை எடுக்காமல் நழுவாதீர்கள். நம்பியிருந்தவர்களுக்கு அதுதான் பெரிய அடி. தேர்வு நாள் காலையில் ஆள் வராமல் வாசலில் நிற்கிற மாணவரிடம் போய்ச் சமாதானம் சொல்கிற வேலை எனக்குத்தான் வரும்.

நிறுத்துவதாக இருந்தால் இரண்டு மாதம் முன்பே சொல்லுங்கள். உங்கள் இடத்துக்கு வருகிறவரை இரண்டு தடவையாவது கூடவே அழைத்துப் போங்கள். நோட்டில் தொடர்பு எண்கள், எந்த அலுவலகத்தில் யாரைப் பார்த்தால் வேலை நடக்கும், எந்தத் தாளை எத்தனை நகல் கொண்டுபோக வேண்டும் என்பதையெல்லாம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் உங்களை எதிர்பார்த்திருப்பவர்களுக்கு நீங்களே போன் செய்து, இனி யார் வருவார் என்று அவர் பெயரையும் எண்ணையும் சொல்லுங்கள்.